ஊர் ஜி.ஹெச்.-ஐத் தாண்டிப் போகாதீர்கள்: மனநல நெருக்கடியில் உதவி தேட ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் இப்போதே ஆபத்தில் இருக்கிறார், மேலே படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். விஷமோ அளவுக்கு மீறிய மாத்திரையோ உள்ளே போயிருந்தால், உடம்பில் காயம் இருந்தால், 108. கையில் ஆயுதம் இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து என்றால் 112. உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, ஆனால் என்ன செய்வதென்றே புரியவில்லை என்றால் 14416. தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. அந்த நிலையில் இருப்பது நீங்களேதான் என்றாலும் அதே எண்தான்.

மற்றவர்கள் நிதானமாகப் படிக்கலாம். வீட்டில் ஒருவருக்கு முதன்முறையாக மனநிலை சிதறும்போது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அலைகின்றன. முதலில் சொந்தக்காரர்களுக்குப் போன். அடுத்து மந்திரிப்பு. அப்புறம் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது. கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக வாடகைக் கார் பிடித்து நேராகச் சென்னை கீழ்ப்பாக்கம். போகிற வழியில் அந்தக் கார் குறைந்தது இரண்டு அரசு மருத்துவமனைகளையாவது தாண்டிப் போயிருக்கும். அந்த இரண்டில் ஒன்றிலேயே மனநல மருத்துவர் இருந்திருப்பார்.

உடம்பா, மனமா?

ஆள் திடீரென மாறிப் பேசினாலே மனநோய் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நேற்றுவரை தெளிவாக இருந்த எழுபது வயதுத் தாத்தா இன்று சாயங்காலத்திலிருந்து பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறார் என்றால், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறக்கம், ரத்தத்தில் உப்புக் குறைவு, பக்கவாதம் என்று உடம்பில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அவரைக் கொண்டுபோக வேண்டிய இடம் கேஷுவாலிட்டி. சர்க்கரை நோயாளியாக இருந்து வீட்டில் குளுக்கோமீட்டரும் இருந்தால் கிளம்பும் முன்பே ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் மருத்துவமனைகளுக்கு வருகிற ஒரு வகை உண்டு. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுவார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் அறவே போய்விடும், சுவரில் பூச்சி ஓடுகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். சிலருக்கு வலிப்பு வரும். வீட்டில் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருப்பார்கள். குடி திடீரென நின்றதால் மூளை தத்தளிக்கிற நிலை இது. சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். ஜி.ஹெச்.-இல் சேர்த்து, தயமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்தால் சில நாட்களில் தெளிந்துவிடுவார். குடியை நிறுத்த நினைப்பவர் நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. விரதம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல் இருக்கிறாளா என்று பாருங்கள். பச்சைப் பிள்ளை வைத்திருப்பவருக்குத் தூக்கம் கெடுவது சகஜம்தான். பிள்ளை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை, பேச்சு தாறுமாறாகிறது, பிள்ளையைப் பற்றிச் சம்பந்தமில்லாத சந்தேகம் வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காத்து, கருப்பு, தீட்டு என்று ஒரு நாள்கூடக் கடத்த வேண்டாம். அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியாக ஓர் அறையில் விடாதீர்கள். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிற நோய் இது.

ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுபவர் என்றால் மருந்தாலேயே வருகிற அவசரங்களும் சில உண்டு. புது மாத்திரையோ ஊசியோ தொடங்கிய ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கிறது, கண் மேலே சொருகுகிறது, நாக்கு தடிக்கிறது என்றால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும்; ஓர் ஊசியில் அரை மணிக்குள் சரியாகிவிடும். கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைப்பது அப்படிப்பட்டதில்லை, உடனே கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். வெயில் காலத்தில் உடம்பில் தண்ணீர் வற்றி, ரத்தத்தில் மருந்து ஏறிவிடுவது உண்டு.

முதல் அரை மணி நேரம்

முதல் வேலை கூட்டத்தைக் குறைப்பது. சித்தப்பா அதட்டுவார், அத்தை அழுவார், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப்பார்ப்பார். இத்தனை முகங்களுக்கு நடுவே யாருக்குமே பதற்றம் அடங்காது. அவர் நம்பும் ஒருவர் மட்டும் பேசட்டும். டி.வி.யை அணையுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். கதவை மறித்து நிற்காதீர்கள். வழி அடைபட்டுவிட்டது என்று தோன்றும்போதுதான் பலர் கையை ஓங்குகிறார்கள்.

காதில் குரல் கேட்கிறது, தெருவே தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று சொன்னால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று வாதாட வேண்டாம். “ஆமா ஆமா” என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “எனக்குக் கேக்கல. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கேயே இருக்கேன்.” இவ்வளவு போதும். கட்டிப்போடுவது, அறைக்குள் வைத்துப் பூட்டுவது இரண்டும் கூடாது.

சாவைப் பற்றிப் பேசுகிறார், அல்லது பேசாமலே பொருட்களை எடுத்துக் கொடுக்கிறார், கடன் கணக்கை முடிக்கிறார் என்று மனதில் உறுத்தினால் நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். “ஆமா” என்றால் அடுத்து, “எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா? எப்போன்னு?” வழியும் நேரமும் மனதில் இருக்கிறது என்றால் அந்த இரவே மருத்துவமனை. எண்ணம் வந்துபோகிறது, திட்டம் எதுவும் இல்லை என்றால் இப்போது 14416, விடிந்ததும் ஓ.பி. இரண்டிலும் இரவு முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கிராமத்தில் பூச்சிமருந்து மோட்டார் ரூமிலோ, கட்டிலுக்கு அடியிலோ, கூரை இறவாணத்திலோ செருகியிருக்கும். ஒளித்துவைப்பதில் பயனில்லை, அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு எல்லா மூலையும் தெரியும். வேறு வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிடுங்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரை, அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பழைய தூக்க மாத்திரை எல்லாமே அந்தக் கணக்கில் வரும். சாக வேண்டும் என்கிற வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே பெரிய பாதுகாப்பு.

ஏதாவது உள்ளே போய்விட்டது என்றால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. பாட்டிலையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் முறிவைத் தொடங்க முடியும். சில விஷங்கள் முதல் ஓரிரு நாள் ஒன்றுமே காட்டாது. ஆள் எழுந்து நடப்பார், இட்லி கேட்பார், “வீட்டுக்குப் போலாம்” என்பார். ஈரல் பழுதாவது அதற்குப் பிறகுதான் தெரியும். டாக்டர் அனுப்பாமல் நீங்களாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும். இதற்குப் பயந்து “தெரியாம குடிச்சுட்டா” என்று மாற்றிச் சொல்கிற குடும்பங்கள் ஏராளம். பொய் சொன்னால் விஷத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுவார்கள், மனநல டாக்டர் கண்ணிலேயே படாமல் ஆள் வீடு திரும்பிவிடுவார். வழக்கு பற்றிய பயத்துக்கும் இப்போது இடமில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை மிரட்டித் தடுப்பதற்காகத் தற்கொலைக்கு முயன்றால் மட்டுமே குற்றம். போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம்.

போனில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

14416 மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். சில நெட்வொர்க்கில் இந்தச் சுருக்க எண் போகாமல் மக்கர் செய்யும். அப்போது 1800-891-4416 போடுங்கள். முதலில் பதிவுசெய்த குரல் மொழியைக் கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகு ஆலோசகர் வருவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்றும் சொல்வார்கள். நோயாளி பேச மறுத்தால் நீங்கள் பேசலாம், கவனித்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எண். இவர்கள் வீட்டுக்கு ஆளையோ வண்டியையோ அனுப்ப மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு கூப்பிட்டால் ஏமாற்றம் இருக்காது.

தமிழக அரசின் 104-உம் இரவு பகல் இயங்குகிறது. பரீட்சை முடிவு நேரங்களில் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் இந்த எண்தான். எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை மனநல டாக்டர் வருகிறார் என்பது போன்ற விவரத்தையும் இதில் கேட்கலாம். மனம்விட்டுப் பேச ஒரு காது மட்டும் வேண்டும் என்றால் சென்னையில் சினேகா இருக்கிறது, 044-24640050. 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கேட்பார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். பிரச்சினையின் வேர் வேறெங்கோ இருந்தால் அதற்கான எண்ணையும் கையில் வையுங்கள்: வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567.

108-ஐக் கூப்பிடும்போது முதல் வாக்கியத்திலேயே “மனநிலை சரியில்லாதவர், இப்போது இப்படி இருக்கிறார்” என்று சொல்லிவிடுங்கள். மயக்கம், நெஞ்சுவலி என்று சொல்லி வரவழைத்தால் வந்தவர்கள் தயாராக இருக்க மாட்டார்கள், வாசலிலேயே வாக்குவாதம் ஆகிவிடும். ஆள் மூர்க்கமாக இருந்தால் போலீஸ் துணை கேட்கலாம், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைரன் போடாமல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லலாம். ஒருவர் அங்கே போய் நின்று கூட்டி வரட்டும்.

எந்த ஆஸ்பத்திரி

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதுரை ராஜாஜி, கோவை, தஞ்சாவூர், திருச்சி மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, நெல்லையில் ஹைகிரவுண்ட், சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி மருத்துவமனை என்று உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. அதற்குக் கீழே மாவட்டத் தலைமை மருத்துவமனை. அதற்கும் கீழே மாவட்ட மனநலத் திட்டம்: ஒரு மனநல மருத்துவரும் அவர் குழுவும் குறிப்பிட்ட கிழமையில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்து, மருந்தும் கொடுப்பார்கள். இந்தத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் ஒன்று திருச்சி. அதெல்லாம் தொண்ணூறுகளின் கதை. இன்றைக்கும் இப்படி ஒன்று தங்கள் ஊருக்கு வருவதே பலருக்குத் தெரியாது. ஓ.பி. கவுண்ட்டரில் கேளுங்கள், கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடம் கேளுங்கள். கிழமையைத் தெரிந்துகொண்டு வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஓ.பி. பெரும்பாலும் காலையில்தான். எட்டு மணிக்கே போய்விடுங்கள், நண்பகலுக்கு மேல் சீட்டு கிடைப்பது கஷ்டம். ராத்திரி என்றால் கேஷுவாலிட்டி. அங்கே மனநல டாக்டர் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். டியூட்டி டாக்டர் முதலில் பார்ப்பார், சர்க்கரை, பிரஷர், இ.சி.ஜி. எடுப்பார், படபடப்பு அதிகமாக இருந்தால் ஊசி போடுவார், மனநலப் பிரிவுக்குத் தகவல் சொல்வார். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பதிவுபெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர மனநல சிகிச்சை தரலாம். பக்கத்து மனநல மையத்துக்கு அனுப்பிவைப்பதும் அதில் அடக்கம். “இங்கெல்லாம் பாக்கமாட்டோம், கீழ்ப்பாக்கம் போங்க” என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைப் பணிவாக நினைவுபடுத்துங்கள், முதலுதவியும் எழுத்தில் ஒரு பரிந்துரைச் சீட்டும் வாங்காமல் நகராதீர்கள்.

சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ‘கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி’ என்று பெயர் சொல்லப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கே.எம்.சி., அதாவது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவமனை. மற்றது அயனாவரம் பக்கம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கும் அரசு மனநல நிலையம்; 1794-இல் தொடங்கியது, ஐ.எம்.ஹெச். என்பார்கள். எழும்பூரில் இறங்கி ஆட்டோவில் வெறுமனே ‘கீழ்ப்பாக்கம்’ என்றால் தவறான வாசலில் போய் இறங்குவீர்கள். ‘அயனாவரம் ஐ.எம்.ஹெச்.’ என்று சொல்லுங்கள். உடம்புப் பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது, விஷம் குடித்திருக்கிறார் என்றால் முதலில் போக வேண்டியது பொது மருத்துவமனைக்குத்தான்.

வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் உண்டு. 1957 முதல் நடக்கிறது. நோயாளியோடு குடும்பமும் தங்குவது அங்கே ஆரம்பத்திலிருந்தே வழக்கம்.

கையில் ஒரு அரைத்தாள்

நெரிசலான ஓ.பி.யில் டாக்டர் உங்களுக்குத் தரக்கூடிய நேரம் சில நிமிடம். அதை “நல்ல பையன் சார், யார் கண்ணு பட்டுச்சோ” என்று தொடங்கிச் செலவழித்துவிடாதீர்கள். முந்தின ராத்திரியே அரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இப்படி:

“வயது 24, ஆண். 12 நாளாக ராத்திரிக்கு 2 மணி நேரம்தான் தூக்கம். 8 நாளாகக் கடைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான். ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை அப்பாவைத் தள்ளிவிட்டான். சாகிற பேச்சு இல்லை. குடி இல்லை, கஞ்சா இருக்கலாம். முன்பு இப்படி வந்ததில்லை. தாய்மாமாவுக்கு இந்த மாதிரி இருந்தது. வலிப்பு, தலையில் அடி எதுவும் இல்லை. எந்த மருந்தும் ஒவ்வாமை இல்லை.”

நாள், மணி, கிழமை என்று எண்ணிக்கை இருக்க வேண்டும். ‘ரொம்ப நாளா’ என்பது டாக்டருக்கு எதையும் சொல்லாது. கஞ்சா, குடி விஷயத்தை நோயாளி முன்னால் சொல்லத் தயங்கினால் இந்தத் தாளை நீட்டினால் போதும்.

பழைய சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, ஆதார் நகல், போன் சார்ஜர், தண்ணீர் பாட்டில், இரண்டு செட் துணி எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் சேர்க்கும்படி ஆனால், துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் தங்கச் சொல்வார்கள். பெண்கள் வார்டில் பெண்தான் இருக்க முடியும். இதை யோசிக்காமல் நாலு ஆண்களாகக் கிளம்பிவந்து, நடுராத்திரியில் ஊரிலிருக்கும் பெரியம்மாவைத் தேடுவது வழக்கமாக நடக்கிற கூத்து.

வரமாட்டேன் என்றால்

மனநோயில் பாதிச் சிக்கல் இதுதான். “எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்” என்பவரிடம் மனநோய் என்ற சொல்லை வைத்துச் சண்டை போட்டுப் பயனில்லை. அவரே ஒத்துக்கொள்ளும் ஒரு தொந்தரவைப் பிடியுங்கள். “தூக்கமே இல்லாமத் தவிக்கிறியே, அதுக்கு மட்டும் ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்” என்பது பொய்யும் இல்லை, பல பேர் கிளம்பியும் வருவார்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று ஏமாற்றிக் கூட்டிப்போனால் இந்த முறை வேலை நடந்துவிடும். அடுத்த முறை உங்கள் வண்டியில் ஏற மாட்டார். சாம்பாரிலும் காபியிலும் மாத்திரையைக் கலப்பதும் அப்படித்தான். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் அரைத்தாளோடு ஓ.பி.க்குப் போகலாம். எப்படிப் பேசுவது, எந்த நிலை வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையாவது தெரிந்துகொண்டு வருவீர்கள்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால் அவர் சம்மதமில்லாமலும் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 89-ஆம் பிரிவு. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவர், எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 30 நாள். ‘சும்மா கையெழுத்துப் போடுங்க’ என்று வெற்றுத்தாளை நீட்டினால் போடாதீர்கள். யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. மயக்கமருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் கொடுக்காமல் ஷாக் சிகிச்சையும் கூடாது. இரண்டுக்கும் 95-ஆம் பிரிவு நேரடித் தடை.

கோயில், தர்கா போவதை யாரும் தடுக்கவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே ‘தவா - துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) என்று அரசு மருத்துவர்கள் மருந்து கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அங்கே ஆளை விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள்.

தனியாரிடம் போகும்போது

மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர். உளவியலாளர் பேச்சு சிகிச்சை தருவார், மருந்து தரமாட்டார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் கோபப்பட மாட்டார். ‘கவுன்சலர்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். நெருக்கடி நேரத்தில் முதல் ஆளாக அங்கே போகாதீர்கள்.

‘போன் பண்ணா நாங்களே வந்து ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவோம்’ என்று சொல்லும் போதை மீட்பு மையங்களிடம் எச்சரிக்கை. உரிமம் எங்கே, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், நான் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். முதல் ஒரு மாதம் பார்க்க அனுமதி இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், மனநோய்க்குக் கிடையாது என்று ஏஜெண்ட் சொன்னால் அப்படியே விட்டுவிட வேண்டாம். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்பது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு.

பஸ் ஸ்டாண்டில், தெருவில் கேட்பாரற்றுத் திரிபவரைப் பார்த்தால் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவர்கள் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது. சில மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஜி.ஹெச்.-ஐ ஒட்டி அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். தற்கொலைக்கு முயன்று வந்தவர் என்றால் ஒரு மாத மாத்திரையை மொத்தமாக அவர் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒருவர் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை பிடிக்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டல், படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் வருவதற்குள் பக்கவிளைவு வருவதால் பத்தாம் நாளில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. படபடப்பு தாங்க முடியாத அளவுக்குப் போனாலோ, சாகும் எண்ணம் கூடினாலோ ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

அரசு மருந்தகத்தில் போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் மஞ்சள் மாத்திரை என்று வரும். கம்பெனி மாறினால் நிறம் மாறும். அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சீட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒத்துப்போனால் அதே மருந்துதான். “நல்லாயிட்டான், இனி எதுக்கு மாத்திரை” என்று உறவினர் யாராவது சொல்வார்கள். நன்றாக இருப்பது மாத்திரையால்தானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் “எனக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் என் சார்பில் முடிவெடுக்க என் அக்காவை நியமிக்கிறேன்” என்று யார் மீது அவருக்கு நம்பிக்கையோ அவர் பெயரைப் போட்டு எழுதி, அவரே கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் அதுதான் நியமனப் பிரதிநிதி ஆவணம், 14-ஆம் பிரிவு. நியமிக்கப்படுபவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், அவரும் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை நடுராத்திரியில் அண்ணன் ஒன்று சொல்ல, மாமனார் ஒன்று சொல்ல, கேஷுவாலிட்டி வாசலில் நின்று சண்டை போடாமலிருக்க இது உதவும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஓ.பி. நோட்டுக்குள் வைத்துவிடுங்கள்.